ஆசாரம் தப்பாத பிளேயர்

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் இப்போது தொங்குகிற டீவிக்கு எதைக் கொடுத்தாலும் ஓட்டும். பென்டிரைவில் வந்த படம், தம்பி பையன் போனிலிருந்து தள்ளிவிடுகிற வீடியோ, ஒரு கையில் குடையும் மறு கையில் போனுமாக யாரோ எடுத்து யூடியூபில் ஏற்றிய ஆறாட்டு ஊர்வலம், எல்லாம் அதற்கு ஒன்றுதான். எங்கிருந்து வந்தாய், எந்த முறையில் சுருக்கினார்கள், நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்றெல்லாம் விசாரிக்காது. போடு, ஓடும்.

2005 வாக்கில் இதே இடத்தில் இருந்தவர் அப்படியல்ல. அத்திம்பேர் ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்த டிவிடி பிளேயர். மடியாகக் குளித்துவிட்டு அடுப்படிக்குள் நுழையும் பாட்டி எப்படியோ, அப்படி. யார் தொட்டது, எந்த வழியாக வந்தது, எப்போது நனைத்து உலர்த்தியது என்று பார்த்துத்தான் உள்ளே விடுவார். 1996 கடைசியில் ஜப்பானில் முதல் பிளேயர்கள் விற்பனைக்கு வந்தபோது எழுதிவைத்த சாஸ்திரம் அது. படம் பால் முறையானால் 720-க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 ஃபிரேம். என்டிஎஸ்சி ஆனால் 720-க்கு 480, நொடிக்கு 29.97. ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், பாட்டு சிடியில் இருக்கிற 44.1 ஆகாது. படத்துக்கு மட்டும் நொடிக்கு 9.8 மெகாபிட்டுக்கு மேல் போகக்கூடாது. ஒலி எல்லாம் சேர்த்து 10.08. இதில் எது பிசகினாலும் அவர் முழுசாக மறுத்துவிட மாட்டார். மறுத்தால் தேவலை. ஓட்டுவார், ஆனால் தட்டித் தட்டி ஓட்டுவார்.

அதே டிஸ்கைக் கம்ப்யூட்டரில் போட்டால் வழுக்கிக்கொண்டு ஓடும். "கம்ப்யூட்டர்ல ஓடறதே!" என்ற வாக்கியம் அந்த நாளில் என் காதில் விழாத வாரம் இல்லை.

ஸ்ரீவராகம் திருவனந்தபுரம் கோட்டையிலிருந்து நடந்தே போகிற தூரம். வராகமூர்த்தி கோயில், ஊரின் பெரிய கோயில் குளங்களில் ஒன்று, அதைச் சுற்றித் தெருக்கள். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் இருந்துவரும் இடம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். இப்படிப்பட்ட தெருவில் ஒரு வீட்டில் கம்ப்யூட்டரும் டிவிடி ரைட்டரும் இருக்கிறது என்ற செய்தி பரவ ஒரு சாயங்காலம் போதும். பரவியது. எனக்கு ஒரு உத்தியோகம் கிடைத்தது. சம்பளம் காப்பி. கல்யாண டிஸ்க் ஆனால் கூடவே இரண்டு மனோகரமோ முறுக்கோ.

வேலை என்னவென்றால், சுருக்குவது. கல்யாண வீடியோவை அப்போது மினிடிவி கேஸட்டில் எடுப்பார்கள். ஒரு கேஸட் ஒரு மணி நேரம். கம்ப்யூட்டருக்குள் இறக்கினால் மணிக்கு 13 ஜிகாபைட் இடத்தை விழுங்கும். டிஸ்கிலோ மொத்தமே 4.7 ஜிகாபைட். ஸ்டூடியோக்காரர் கல்யாணத்தை இரண்டு மூன்று டிஸ்கில் பிரித்துக் கொடுப்பார். நம்மவர்களுக்கு அது பிடிக்காது. "எல்லாத்தையும் ஒரே தட்டுல அடக்கிடேன்டா. பம்பாய்க்கு ஒண்ணு, நியூஜெர்சிக்கு ஒண்ணு அனுப்பணும்" என்பார் எங்கள் தெரு மாமா. கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டு மணி நேரக் கல்யாணத்துக்கு நொடிக்கு 5.2 மெகாபிட் கிடைக்கும். நலங்கு, ரிசப்ஷன், கட்டுச்சாதக்கூடை எல்லாம் சேர்த்து நாலு மணி நேரமானால் 2.6 தான். பாதி சாதத்தில் இரட்டைப் பந்தி. மாமாவிடம் இதைச் சொன்னால், "அது சாரமில்லை, நீ அடக்கு" என்பார். ஏஜீஸ் ஆபீசில் கணக்குப் பார்த்து ரிடையரானவர், இந்தக் கணக்கை மட்டும் பார்க்க மறுத்தார்.

அவர் பெண்ணின் கல்யாண டிஸ்க்தான் தெருவில் பெரிய வழக்கானது. இரண்டு மூன்று டிஸ்கை ஒன்றாகச் சுருக்கிக் கொடுத்தது நானல்ல, மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்த யாரோ. கூடம் நிறைய ஆட்களை உட்காரவைத்து மாமா போட்டுக் காட்டினார். காசியாத்திரை போயிற்று, ஊஞ்சல் போயிற்று, கன்னிகாதானம் முடிந்தது. பெண் அப்பா மடியில் உட்கார்ந்திருக்கிறாள். கெட்டிமேளம், கெட்டிமேளம் என்று சாஸ்திரிகள் விரலை ஆட்டுகிறார். மாப்பிள்ளையின் இரண்டு கையும் பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் போகிறது. படம் நின்றது. நாகஸ்வரம் அரை நொடி அந்தரத்தில் தொங்கி அறுந்தது. மாப்பிள்ளையின் முகம் சதுரம் சதுரமாகக் கலைந்தது. மறுபடி படம் வந்தபோது எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"தாலி கட்டினானோ இல்லையோ?" என்றாள் மாமி.

"கட்டினான், கட்டினான். நான் பக்கத்துலதானே நின்னேன்" என்றார் மாமா.

திருப்பிப் போட்டார். மறுபடி அதே இடம். டிஸ்கை வேஷ்டித் தலைப்பால் துடைத்துப் போட்டார். அதே இடம். இதற்குள் நாகர்கோவில் சம்பந்தி வீட்டுக்குப் போன் போயிற்று. அங்கிருந்து பதில், "எங்காத்துல நன்னா ஓடறதே!" அதற்கப்புறம் இது டிஸ்க் விவகாரமாக இல்லை. அவர்கள் பிளேயரில் மாங்கல்யதாரணம் நடக்கிறது, நம் பிளேயரில் நடக்கவில்லை. பெண் வீட்டுக்கு இதைவிட என்ன குறைச்சல் வேண்டும்? ராத்திரியே என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள்.

தாலி கட்டும் நேரத்தைச் சுருக்கும் மென்பொருள் எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்தால் இதில் மர்மம் ஒன்றுமில்லை. டிவிடியில் இருக்கும் எம்பெக்-2 முறையின் சாமர்த்தியமே, மாறாததைத் திரும்ப எழுதாமல் இருப்பதுதான். பால் முறையில் அதிகம் போனால் 15 ஃபிரேமுக்கு ஒருமுறை முழுப்படத்தை எழுதும். நடுவில் உள்ளவற்றில் என்ன நகர்ந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும். ஹோமத்தின் முன் பெண்ணும் மாப்பிள்ளையும் அசையாமல் உட்கார்ந்திருக்கிற அரைமணி அதற்குப் பரம சுகம். வாழைமரம் அப்படியே, பின்திரை அப்படியே, சாஸ்திரிகளின் உதடு மட்டும் அசைகிறது. நொடிக்கு ஒன்றரை மெகாபிட்டில் காலத்தை ஓட்டிவிடும்.

கெட்டிமேளம் கொட்டியதும் நூறு கைகளிலிருந்து அட்சதை பறக்கிறது. ஒவ்வொரு அரிசிக்கும் தனிப்பாதை. ஒவ்வொரு பூவிதழும் தன்னிஷ்டத்துக்குச் சுழல்கிறது. முந்தின ஃபிரேமைப் பார்த்து எழுத இங்கே ஒன்றுமே இல்லை. போதாதற்கு போட்டோக்காரர்களின் ஃபிளாஷ். ஒரு ஃபிளாஷ் அடித்தால் ஒரே ஒரு ஃபிரேம் வெள்ளையாகப் பூக்கும். காட்சி மாறிவிட்டது என்று எண்ணி மென்பொருள் முழுப்படத்தையும் புதிதாக எழுதத் தொடங்கும். அடுத்த ஃபிரேமில் வெள்ளை போய்விடும், மறுபடி முதலிலிருந்து. மாங்கல்யதாரணத்தின்போது எத்தனை ஃபிளாஷ் அடிக்கும் என்று கல்யாணத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். சராசரி 2.6 என்று கட்டியிருந்தாலும், உச்சவரம்பு போடாமல் விட்டிருந்தால், அந்தச் சில நொடிகளில் அது 9.8 வரம்பைத் தாண்டிக் குதிக்கும். மேலை நாட்டில் கல்யாணத்தில் தூவும் வண்ணக் காகிதத் துண்டும், படங்களில் விழும் பனியும் இதே தொல்லையைத்தான் கொடுக்கின்றன. நமக்கு வாய்த்தது மஞ்சள் தடவிய அரிசி.

பிளேயரின் நிலைமை என்ன? இந்த வகைப் படத்துக்கு அதன் தற்காலிகச் சேமிப்பு 224 கிலோபைட் என்று சாஸ்திரத்தில் நிர்ணயித்திருந்தார்கள். டிஸ்க் ஒற்றை வேகத்தில் சுற்றினால் நொடிக்குச் சுமார் 11 மெகாபிட் தரும். அதுவும் வீட்டில் எரித்த டிஸ்க் ஆனால், படிக்க முடியாத இடத்தில் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்க வேண்டும். அந்த நேரமும் இதிலிருந்துதான் போகிறது. கையிருப்பு காலியானால் நிற்கும். கம்ப்யூட்டர் டிரைவ் 16 மடங்கு வேகத்தில் சுற்றுகிறது, கையில் நூற்றுக்கணக்கான மெகாபைட் நினைவகம். அங்கே ஓடுவதில் ஆச்சரியமில்லை. நாகர்கோவில் பிளேயர் கொஞ்சம் தாராளம், அவ்வளவுதான். அதில் சம்பந்தியின் பெருமைக்குப் பங்கில்லை. மாமாவிடம் இதைச் சொன்னேன். அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் அவர் மனதில் நின்றது.

ஆகவே ஸ்டூடியோ கொடுத்த மூல டிஸ்குகளை எடுத்து மறுபடி சுருக்கினேன். உச்சவரம்பு எட்டு. இரண்டு நடை. முதல் நடையில் மென்பொருள் ஒன்றும் எழுதாது. எங்கே அட்சதை பறக்கிறது, எங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று படம் முழுக்கப் பார்த்துக் குறிப்பெடுக்கும். இரண்டாம் நடையில் சும்மா இருப்பவர்களிடமிருந்து பிடுங்கி அட்சதைக்குக் கொடுக்கும். சோஷலிசம் எங்கள் ஊரில் ஒழுங்காக வேலை செய்து நான் பார்த்த இடங்களில் அதுவும் ஒன்று. பென்டியம் 4-இல் இது ராத்திரி முழுக்க ஓடும். விடியற்காலை கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. நாலு மணி நேரம் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கச் சொன்னேன்; கட்டுச்சாதக்கூடை கழிந்தது. கடைசியில் ஸ்ரீவராகத்திலும் தாலி ஏறியது. மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இன்னொரு வகைத் தட்டல் உண்டு, அது படத்தின் கடைசியில் மட்டும் வரும். இதற்குக் காரணம் மென்பொருளில் இல்லை. டிவிடி உள்வட்டத்தில் தொடங்கி வெளியே எழுதிக்கொண்டு போகும். வேக வேகமாக எரித்தால் வெளிவிளிம்பில்தான் எழுத்து மோசமாக இருக்கும். படத்தின் கிளைமாக்ஸ் இருப்பது அங்கேதான். எனவே விளிம்புவரை நிரப்பாதே, 16 மடங்கு வேகம் வேண்டாம், நாலு மடங்கில் எரி என்பது அன்றைய நல்லொழுக்கம். அப்புறம் அந்த ஸ்டிக்கர்! பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிற படத்தை வட்டமாக அச்சடித்து டிஸ்கின் முதுகில் ஒட்டிவிடுவார்கள். ஒரு மயிரிழை கோணலாக ஒட்டியிருந்தால் டிஸ்க் சுற்றும்போது ஆடும். பிளேயர் சூடேறச் சூடேறக் காகிதம் வளையும். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2003-இல் வெளியிட்ட சிடி, டிவிடி பராமரிப்புக் கையேடு ஒட்டுக்காகிதம் வேண்டாமென்று சொல்கிறது. ஸ்ரீவராகத்தில் அதைச் சொன்னால், "மொகம் இல்லாட்டா யார் கல்யாணம்னு எப்படித் தெரியும்?" என்று கேட்பார்கள்.

மூன்றாவது வகைக்கு, ஊஞ்சலுக்கு வருகிறேன். இது வேறொரு கல்யாணம். இதில் படம் நிற்கவே இல்லை. மாங்கல்யதாரணம் நன்றாக ஓடியது. ஆனால் ஊஞ்சல் மட்டும் முன்னால் இரண்டடி போய் ஓரடி பின்வாங்கி மறுபடி இரண்டடி போயிற்று. அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது பெண் தெளிவாக இருக்கிறாள். ஊஞ்சலை ஆட்டியதும் நடுங்குகிறாள். பச்சைப்பொடி சுற்றுகிற அத்தைகளின் கைகளும் அப்படியே. கம்ப்யூட்டர் திரையில் போட்டால் ஒரு நடுக்கமும் இல்லை, ஓரங்களில் சீப்புப் பல்லாகக் கோடுகள் மட்டும்.

பழைய பெட்டி டீவி ஒரு முழுப்படத்தை ஒரேயடியாகக் காட்டாது. ஒற்றைப்படை வரிகளை முதலில், இரட்டைப்படை வரிகளைப் பிறகு என்று நொடிக்கு 50 அரைப்படங்களாகக் காட்டும். ஒவ்வொரு அரைப்படமும் கேமராவில் வெவ்வேறு கணத்தில் எடுத்தது. மினிடிவி கேமரா கீழ்வரியில் தொடங்கும் அரைப்படத்தை முதலில் பதிவு செய்யும். டிவிடிக்குச் சுருக்குகிற மென்பொருள்கள் பலவும், யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால், மேல்வரி முதலில் என்று முத்திரை குத்திவிடும். பிளேயர் முத்திரையை நம்பும். அப்புறம் நேரம் 2, 1, 4, 3, 6, 5 என்று ஓடாமல் என்ன செய்யும்? கம்ப்யூட்டர் இரண்டு அரைப்படத்தையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டிவிடுவதால் வரிசை மாறியது அங்கே தெரியாது. சுருக்கியவர் கம்ப்யூட்டரில் பார்த்துத் திருப்திப்பட்டு டிஸ்கைக் கொடுத்துவிட்டார். கோளாறு ஒரே ஒரு கட்டத்தில் போட வேண்டிய ஒரே ஒரு டிக். இத்தனை சின்னக் காரணத்துக்கு இத்தனை பெரிய பூகம்பத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

மாமாவுக்குப் பாட்டுக் காது. புரட்டாசி வந்தால் நவராத்திரி மண்டபத்துக் கச்சேரி ஒன்பது நாளும் விடமாட்டார். 2006-இல் பாறசாலை பொன்னம்மாள் அங்கே பாடிய முதல் பெண்ணானபோது, அதைப் பற்றி மட்டும் ஒரு வருஷம் பேசினார். நியூஜெர்சியிலிருந்து பெண் அவருக்கு பாகவதர் பாடி நடித்த 'ஹரிதாஸ்' டிவிடி அனுப்பினாள். 1944 தீபாவளிக்கு வந்து சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம். அமெரிக்காவிலிருந்து வந்ததால் என்டிஎஸ்சி. இந்தியா பால் தேசமாயிற்றே என்று மாமா அதைச் சாலைக் கடைத்தெருப் பக்கம் ஒரு கடையில் கொடுத்து மாற்றி வாங்கிவந்தார். போட்டுக் கேட்டார். முகம் மாறியது.

"பாகவதர் ஏற்கெனவே மேல நின்னு பாடறவர். இவன் இன்னும் ஏத்திவிட்டிருக்கான். கேட்டியோ? அரைக் கட்டைக்குக் கொஞ்சம் கம்மி."

எந்த அளவுகோலும் இல்லாமல் சொன்னார். சினிமா நொடிக்கு 24 ஃபிரேமில் எடுப்பது. பாலுக்கு 25 வேண்டும். எளிய வழி, படத்தையே நாலு சதவீதம் வேகமாக ஓட்டிவிடுவது; படம் வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் சுருதி கிட்டத்தட்ட முக்கால் ஸ்வரஸ்தானம் ஏறிவிடும். அரைக் கட்டை என்பது ஒரு ஸ்வரஸ்தானம். அப்படியென்றால் மாமா சொன்ன கணக்கு சரி. வேகத்தைத் தொடாமல், நொடிக்கு முப்பதாக இருப்பதில் ஐந்தைப் பிடுங்கிப் போட்டு 25 ஆக்குவது இன்னொரு வழி. சுருதி நிற்கும், படம் தட்டும். இரண்டில் எது வேண்டும் என்று கேட்டேன்.

"படம் தட்டிண்டு போகட்டும். பாகவதர் தன் சுருதியில பாடட்டும்."

தட்டுவதை வேண்டும் என்று கேட்டு வாங்கியவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். உண்மையில் இரண்டுமே வேண்டியிருக்கவில்லை. அவர் வீட்டு டீவியும் பிளேயரும் என்டிஎஸ்சியை அப்படியே ஓட்டக்கூடியவை; இந்தியாவில் விற்ற, கல்ஃபிலிருந்து வந்த பெட்டிகளில் பலவும் அப்படித்தான். மூல டிஸ்கைப் போட்டுக் காட்டினேன். மாற்றித்தந்த கடைக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி மட்டும் அப்புறம் அவர் பேசவில்லை.

டிவ்எக்ஸ் பிளேயர்கள் வந்தபோது எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தோம். 700 மெகாபைட் சிடியில் ஒரு முழுப்படம்! அவையும் தட்டின. அவற்றுக்காகச் சுருக்கும் எக்ஸ்விட் மென்பொருளில் கியூபெல், ஜிஎம்சி என்று இரண்டு வசதிகள் உண்டு. கால் புள்ளி அளவு அசைவைக்கூடக் கணக்கில் எடுப்பது ஒன்று, காட்சி மொத்தமும் நகர்வதைக் கணக்கிடுவது மற்றது. தரம் கூடும் என்று ஆர்வக்காரர்கள் எல்லோரும் அவற்றைப் போட்டுவிடுவார்கள். பிளேயருக்குள் இருக்கும் சில்லு அதைக் கண்டதும் விக்கும். பக்கத்தில் பீமாபள்ளியில் அந்நாளில் உலக சினிமா டிஸ்குகள் கிடைக்கும் என்பது டிசம்பர் திரைப்பட விழாவுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். காப்புரிமை பற்றிக் கேட்காதீர்கள், கேட்டவர்களும் வாங்கினார்கள். 2007 வாக்கில் மோசர்பேயர் கம்பெனி டிவிடி 34 ரூபாய், விசிடி 28 ரூபாய் என்று முறையாகவே விற்கத் தொடங்கியபின் சுருக்குவதற்கு அவசியம் பாதி குறைந்தது. என் உத்தியோகத்தில் கல்யாணங்கள் மட்டும் மிஞ்சின.

இன்றைய கதைக்கு வருவோம். 2020-இல் கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்றபோது மாமாவின் உறவுக்காரப் பையன் கல்யாணத்தை யூடியூப் நேரலையில் பார்த்தோம். கூடத்தில் நாங்கள் சிலர், சுவரில் பெரிய டீவி. கன்னிகாதானம் முடிந்தது. கெட்டிமேளம், கெட்டிமேளம். திரை நடுவில் ஒரு வட்டம் சுழலத் தொடங்கியது.

"என்னடா பண்ணணும் இதுக்கு?" என்று மாமா என்னைத்தான் பார்த்தார். பழைய மரியாதை.

"ரிஃப்ரெஷ் பண்ணிப் பாருங்கோ" என்றேன்.

நான் அறிந்த வித்தை அத்தனையும் அந்த ஒரு வார்த்தைக்கு வந்து நின்றது. கோளாறு மண்டபத்துப் போனிலா, அங்கிருந்து போகிற இணைப்பிலா, கடல் தாண்டி இருக்கிற சர்வரிலா, எங்கள் வீட்டு மோடத்திலா? அன்றைக்கு டிஸ்கைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் எரித்த இடம் நிறம் மாறித் தெரியும். தட்டுகிற இடத்தை விரல்வைத்துக் காட்டலாம். இன்றைக்கு விரலை எங்கே வைப்பது?

இப்போதெல்லாம் நிற்பதும் குறைந்துவிட்டது. கேரளத்தில் கேபோன் என்று அரசாங்கமே 2023 ஜூனில் ஃபைபர் இணைப்பைத் தொடங்கியது. 2024 மார்ச்சில் சி ஸ்பேஸ் என்று அரசாங்க ஓடிடியும் வந்தது. இணைப்பு மந்தமானால் படம் நிற்காமல் தரத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும்படி எல்லா ஓடிடியும் ஏற்பாடு செய்திருக்கிறது. அதனால் மாங்கல்யதாரணம் இப்போது நிற்பதில்லை. மஞ்சள் கட்டங்களாக மங்கிப் போகிறது. அட்சதை இன்றும் அட்சதைதான். அதைச் சுருக்க எந்த முறையும் சுகமான வழி கண்டுபிடிக்கவில்லை.

இதில் உச்சம் இனிமேல்தான். புது டீவி வாங்கியதும் மாமாவுக்கு 'ஹரிதாஸ்' போட்டுக் காட்டினேன். பாகவதர் சுருதி சரி. ஆனால் படம் என்னவோ போலிருந்தது. தர்பாரும் தெருவும் நேற்றுச் சாயங்காலம் பக்கத்து ஸ்டூடியோவில் எடுத்த மெகா சீரியல் போல மொழுமொழுவென்று நகர்ந்தன. டீவிக்குள் இருக்கிற யந்திரம், 24 ஃபிரேம் போதாது என்று அதுவாகவே நடுவில் இல்லாத ஃபிரேம்களைக் கற்பனை செய்து நுழைத்துக்கொண்டிருந்தது. அசைவை வழவழப்பாக்கும் வசதியாம். பல டீவிகள் இதை இயக்கிவைத்தே பெட்டியிலிருந்து வருகின்றன. 2018 டிசம்பரில் ஹாலிவுட் நடிகர் டாம் குரூஸே, இயக்குநர் மெக்குவாரியோடு நின்று, தயவுசெய்து வீட்டுக்குப் போய் அதை அணைத்துவிடுங்கள் என்று வீடியோ போட்டு வேண்டிக்கொண்டார். பத்து வருஷம் ராத்திரி ராத்திரியாகக் கண்விழித்துத் தட்டலை நீக்கினோம். இப்போது ரிமோட்டை எடுத்து மெனுவுக்குள் மெனுவாகத் துழாவி, கொஞ்சம் தட்டட்டும் என்று திருப்பி வைக்கிறேன். மாமா பார்த்தார். "இப்பத்தான் படம் படமாட்டம் இருக்கு" என்றார்.

கல்யாணங்களை இப்போது டிரோன் வைத்து 4கே-யில் எடுக்கிறார்கள். டிஸ்க் கிடையாது, ஒரு லிங்க் வரும். சில மாதத்தில் அது காலாவதியாகும் என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அத்திம்பேர் கொண்டுவந்த பிளேயர் பரணில் இருக்கிறது. சென்ற வருஷம் இறக்கித் துடைத்து மாமா பெண்ணின் டிஸ்கைப் போட்டேன். ஸ்டிக்கரில் சிரிப்பு வெளிறியிருந்தது. தாலி கட்டும் இடம் தட்டாமல் ஓடியது.

மோசர்பேயர் திவாலாகி 2018-இல் அதைக் கலைக்க உத்தரவானது. சோனி மினிடிவி கேஸட் தயாரிப்பை 2025 பிப்ரவரியோடு நிறுத்திக்கொண்டது. உங்கள் வீட்டு அலமாரியில் கல்யாண டிவிடியோ கேஸட்டோ இருந்தால் ஒன்று சொல்வேன். டிஸ்கில் இருக்கும் வீடியோ டிஎஸ் என்ற ஃபோல்டரை முழுசாக, ஒரு ஃபைலையும் மாற்றாமல், ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து வையுங்கள். கேஸட்டானால் ஓடுகிற கேமரா ஒன்றை இரவல் வாங்கியாவது இப்போதே இறக்கிவிடுங்கள். போனில் பார்க்க வசதியாக இருக்கும் என்று யாராவது மறுபடி சுருக்கித் தருகிறேன் என்பார்கள். அந்த நகலை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மூலத்தைத் தூக்கிப் போடாதீர்கள். வெளியிலிருந்து பொருத்தும் டிவிடி டிரைவ் இன்னும் கடைகளில் கிடைக்கிறது.